தேவசகாயம்: ஒரு பெயர் நடந்து வந்த வழி

ஜவுளிக்கடைப் பலகையில் ‘சகாய விலை’ என்று பார்த்திருப்போம். ‘வாழைத்தார் சகாயமாகக் கெடைச்சுது, ரெண்டா வாங்கிட்டேன்’ என்று சந்தையிலிருந்து திரும்புகிறவர் சொல்வார். அங்கே சகாயம் என்றால் மலிவு. ஊர்ப் பெரியவரிடம் போய், ‘ஒரு சகாயம் செய்யணும்’ என்று தயங்கி நின்றால் அது உதவி. கெபியின் மேல் ‘சகாய மாதா’ என்று எழுதியிருந்தால் அதுவும் உதவிதான். கேட்கும் இடம்தான் வேறு. நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் திறந்தால் சகாயராஜ், சகாயமேரி, சகாய ஆன்றனி என்று வரிசை நீளும்.

இந்தச் சொற்கூட்டத்தில் மிக நீண்ட தூரம் நடந்து வந்த பெயர் ‘தேவசகாயம்’. காதுக்கு வடமொழி, வாய்க்குத் தமிழ், உள்ளே இருப்பது எபிரேயம். 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் ஜொவான்னி பத்தீஸ்தா புத்தாரி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன் என்ற 33 வயதுக்காரருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். வைத்த பெயர் லாசரஸ். அதன் தமிழ் வடிவம்தான் தேவசகாயம். ஏழு ஆண்டுகள் முடிவதற்குள், 1752 ஜனவரி 14 அன்று, அந்தப் பெயர்க்காரரை ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள்.

லாசரஸ் என்றால் ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். இந்தப் பொருளையும் அந்த முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடிக்கிறது. அந்த இடிபாடுதான் என்னை இந்தப் பெயரின் பின்னால் போக வைத்தது.

எபிரேயத்தில் மூல வடிவம் ‘எல்ஆசார்’. எல் என்றால் கடவுள். ஆசார் என்றால் உதவினார். இரண்டு சொல் சேர்ந்த ஒரு முழு வாக்கியம். பழைய எபிரேயப் பெயர்களில் பல இப்படித்தான். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு செய்தியை அறிவித்துவிட்டுப் போகும். தமிழ் விவிலியத்தில் ‘எலெயாசார்’ என்று வருகிற ஆரோனின் மகன் இந்தப் பெயருக்குரியவர். (பழந்தமிழில் ‘எல்’ என்றால் ஒளி, பகல் என்று பொருள் உண்டு. இதைக் கண்டதும் எபிரேயமும் தமிழும் உடன்பிறப்பு என்று கட்டுரை எழுதக் கை துறுதுறுக்கும். இரண்டெழுத்து ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் உலகத்தில் எல்லா மொழியும் எல்லா மொழிக்கும் மாமன் மச்சான் ஆகிவிடும். விட்டுவிடுவோம்.)

இதே ‘ஆசார்’ வேரில் பிறந்த பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் வீடுகளில் நிறைய உண்டு. ‘எஸ்றா’ என்றால் உதவி. ‘அசரியா’ என்றால் யாவே உதவினார். ‘எபெநேசர்’ என்றால் உதவியின் கல்; சாமுவேல் தீர்க்கதரிசி வெற்றி பெற்ற இடத்தில் நட்ட கல்லின் பெயர். திருநெல்வேலிச் சீமையில் அது ஆள் பெயராகவும் வீட்டு வாசல் பெயராகவும் நிற்கிறது. நம்மூரில் நடுகல் இறந்த வீரனுக்கு. அங்கே நட்ட கல் பிழைத்த கூட்டத்துக்கு.

ஆனால் உதவி என்ற வேரைச் சுமந்தவர்களுக்கெல்லாம் அந்த உதவி ஒரே மாதிரி வந்து சேரவில்லை. தானியேல் புத்தகத்தில் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்ட மூன்று இளைஞர்களில் ஒருவன் அசரியா. அரண்மனை அதிகாரிகளின் தலைவன் அவன் பெயரை மாற்றி ‘ஆபேத்நேகோ’ ஆக்குகிறான்; இன்னொரு தெய்வத்தின் அடிமை என்ற பொருளில். பெயர் மாறிய பிறகு அரசன் சிலையை வணங்கச் சொல்கிறான். மறுத்தபோது தீச்சூளையில் போடுகிறான். அசரியா முடி கருகாமல் வெளியே வருகிறான். பெயர் பலித்தது.

எலெயாசாருக்கு அப்படி இல்லை. மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு எலெயாசார் வருகிறார். 90 வயது மறைநூல் அறிஞர். கத்தோலிக்கர் கையிலுள்ள விவிலியத்தில் இந்த நூல் இருக்கும், சீர்திருத்த சபையார் கையிலுள்ளதில் இராது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு யூதர்களைத் தங்கள் நெறியைக் கைவிடச் சொல்லி நெருக்கிய காலம். பன்றி இறைச்சி தின்னும்படி கிழவரின் வாயைப் பிளக்கிறார்கள். அவருக்குப் பழக்கமான அதிகாரிகள் காதோடு ஒரு வழி சொல்கிறார்கள்: உமக்கு ஆகும் இறைச்சியை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, தின்பதுபோல் பாவனை காட்டும், தப்பிவிடலாம். கிழவர் மறுக்கிறார். அவர் சொல்லும் காரணம் தன் ஆன்மாவைப் பற்றியதாக மட்டும் இல்லை. இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எலெயாசார் 90 வயதில் மாறிவிட்டான் என்று அவர்கள் நினைப்பார்களே என்கிறார். அடித்தே கொன்றார்கள். கடவுள் உதவினார் என்ற பெயரோடு உதவி வராமல் செத்த முதல் ஆள் என் கணக்கில் இவர்தான்.

இயேசு நடமாடிய காலத்தில் யூதேயாவிலும் கலிலேயாவிலும் இந்தப் பெயர் நம்மூர் முருகனைப் போலத் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தது. எருசலேமைச் சுற்றியுள்ள கல்லறைகளில் கிடைத்த எலும்புப் பேழைகளில் மிகுதியாகக் காணப்படும் பெயர்களில் இதுவும் ஒன்று. அதிகம் புழங்கும் நாணயம் தேய்வதுபோல் பெயரும் தேய்ந்தது. ‘எல்ஆசார்’ வாயில் ‘லாசார்’ ஆயிற்று. தலையிலிருந்த கடவுளின் பெயரில் உயிரெழுத்து உதிர்ந்து, ஒற்றை ‘ல்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. கிரேக்கர் தங்கள் வழக்கப்படி வாலில் ஒரு ‘ஸ்’ சேர்த்து லாசரோஸ் என்றார்கள்.

நற்செய்தி நூல்களில் இரண்டு லாசரு உண்டு. ஒருவன் லூக்கா சொல்லும் கதையில் செல்வந்தன் வாசலில் புண்ணோடு கிடந்த ஏழை. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் சூட்டப்பட்ட ஒரே பாத்திரம். அவனுடைய புண்ணைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா தொழுநோயாளிக்கே ‘லாசர்’ என்று பெயர் வைத்தது. 1423-இல் வெனிஸ் நகரம் கொள்ளைநோய்க்காரர்களை ஒதுக்கிவைக்க ஒரு தீவில் மருத்துவமனை கட்டியபோது அதன் வழியாக ‘லாசரெட்டோ’ என்ற சொல்லும் பரவியது. அந்தக் கிளை நமக்கு இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது யோவான் எழுதிய லாசரு. பெத்தானியா ஊர்க்காரர், இறந்து நாலாம் நாள் கல்லறையிலிருந்து வெளியே வந்தவர். இந்தக் கதையில் எல்லாரும் கட்டவிழ்த்த பிரேதத்துணியோடு நின்றுவிடுவோம். அடுத்த அதிகாரத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது, பிரசங்கங்களில் அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. தலைமைக் குருக்கள் லாசருவையும் கொன்றுவிட ஆலோசனை செய்தார்களாம். அவர் என்ன தப்பு செய்தார்? ஒரு வார்த்தை பேசியதாகக்கூட யோவான் எழுதவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் பலர் இயேசுவை நம்பத் தொடங்கினார்கள். உயிரோடு இருப்பதே அவர் செய்த பிரச்சாரம். அதற்காக அவர் தலைக்குக் குறி வைக்கப்பட்டது.

நீலகண்டனுக்கு லாசரஸ் என்று பெயர் வைத்த குரு இதை எண்ணி வைத்தாரோ, சும்மா வைத்தாரோ. பெயர் தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆனதற்கு ஒரு பெரிய பழக்கம் பின்னணியில் இருக்கிறது. மதுரை மிஷன் குருக்கள் புனிதர் பெயர்களைச் சிலவேளை ஓசையோடும் சிலவேளை பொருளோடும் தமிழாக்கினார்கள். சவேரியார், செபஸ்தியார், அந்தோணியார் எல்லாம் ஓசை. பொருளாக்கியவைதான் சுவையானவை. பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் கடவுள் அருளுள்ளவர், ஆகவே அருளப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், ஆகவே முடியப்பர். தொமினிக் ஆண்டவருக்கு உரியவர், சாமிநாதர். பெனடிக்ட் ஆசி பெற்றவர், ஆசீர்வாதப்பர். பவுலின் நிருபங்களைப் படித்துத் திணறிய எவருக்கும் ‘சின்ன அப்பர்’ என்ற பெயர் ஒரு புன்னகையைக் கொண்டுவரும்.

குருக்கள் தங்களுக்கும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கொன்ஸ்தான்சோ பெஸ்கியின் பெயரில் உறுதி என்ற பொருள் இருப்பதால் முதலில் தைரியநாதர். வீரமாமுனிவர் என்பது அதே பொருளின் இன்னொரு சாயல். லிஸ்பனில் பிறந்த ஜுவாவ் தே பிரிட்டோ, யோவான் என்ற பெயரின் ‘அருள்’ வழியாக அருளானந்தர். மறவர் சீமையில் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதில் எழுந்த சினம் அவர்மேல் விழுந்தது. 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள்.

சீர்திருத்த சபை மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வழியை விரும்பவில்லை. அவர்களுக்குப் பேதுரு, பவுல், ஸ்தேவான், யோவான், லாசரு. மூலத்தின் ஓசை முக்கியம். பின்னாளில் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் ஓசையே வென்றது. அருளப்பரும் சின்னப்பரும் முடியப்பரும் விவிலியப் பக்கங்களிலிருந்து இறங்கி, இப்போது ஊர்க் கோயில்களிலும் வாக்காளர் பட்டியலிலும் வாழ்கிறார்கள். சரிநுட்பம் ஓசைக் கட்சிக்குத்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு பெயரைப் பெயர்த்து நட்டவன் அது இந்த மண்ணில் வேர்விடும் என்று நம்பியிருக்கிறான் அல்லவா? அந்த நம்பிக்கையின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

இனி சகாயம். வடமொழி ‘சஹாய’ என்ற சொல்லை ‘சஹ’ (கூட), ‘அய’ (செல்லுதல்) என்று பிரிப்பது வழக்கமான விளக்கம். அதன்படி சகாயன் என்றால் முதலில் உதவுகிறவன் அல்லன். கூடப் போகிறவன், வழியில் சேர்ந்து நடப்பவன். உதவி என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. கூட வருகிறவன் கை கொடுப்பான் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அந்தக் கை கடைத்தெருவுக்கு வந்து விலையையும் இறக்கியது.

தமிழிலே இதற்கு நேரான ஒரு சொல் உண்டு. துணை. அதுவும் இப்படித்தான், வழித்துணை என்றால் உடன் வருபவர், வாழ்க்கைத்துணை என்றால் உடன் வாழ்பவர், துணை செய்தான் என்றால் உதவினான். லாரியின் நெற்றியில் ‘முருகன் துணை’ என்றும் ‘ஆண்டவர் துணை’ என்றும் எழுதுகிறவர் இரண்டு பொருளையும் சேர்த்தேதான் எழுதுகிறார். விபத்து நேராமல் காப்பாற்று என்பது ஒன்று. இந்த ராத்திரியில், இந்த மலைச்சாலையில், பக்கத்து இருக்கையில் நீ இரு என்பது மற்றொன்று. புத்தாரியின் காலத்தில் தனித்தமிழ் ஆர்வம் எழுந்திருந்தால் அவருக்கு இறைத்துணை என்று பெயர் அமைந்திருக்கும்.

எபிரேயப் பெயர் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. உதவினார், காரியம் ஆயிற்று. தமிழுக்கு வந்த பெயரில் காலம் கிடையாது. தேவனின் உதவி என்றும் விரிக்கலாம். தேவனைத் துணையாகக் கொண்டவன் என்றும் விரிக்கலாம். இந்த இரண்டாவது விரிவு எபிரேயத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் பொருள் இழப்பு நேரும் என்று எல்லாரும் புலம்புகிறோம். இங்கே ஒரு வரவு நேர்ந்திருக்கிறது.

அந்த வரவுக்கு விலை கொடுத்தவரின் கதைக்கு வருவோம். நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர். அங்கேயே நீலகண்டசுவாமி கோயிலோடும் தொடர்பு. (நஞ்சைத் தொண்டையில் நிறுத்தியவனின் பெயர் அவருக்கு இருந்ததை வைத்து உவமை செய்யச் சிலருக்கு ஆசை வரும். அந்தப் பெயரை அவர் விட்டுவந்தார். நாமும் விட்டுவிடுவது மரியாதை.) 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்று, யூஸ்தாக்கியஸ் தெ லனாய் என்ற படைத்தலைவர் பிடிபட்டார். பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை, இலத்தீனும் தமிழுமாகப் பொறித்த எழுத்தோடு இன்றும் இருக்கிறது. கால்நடை செத்து, சொத்து கரைந்து சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. உதவி வராத மனிதனின் கதையிலிருந்துதான் ‘கடவுள் உதவினார்’ என்ற பெயருக்கான பாதை தொடங்கியிருக்கிறது.

அவர் மனைவி பார்கவியம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அதன் பிறகு தேவசகாயம் வாயை மூடிக்கொண்டு வழிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க முடியாது. அவர் மூடவில்லை. தான் கண்டடைந்ததைப் பிறருக்குச் சொன்னார். கீழே வைக்கப்பட்டிருந்த சாதியாரோடு சேர்ந்து உட்கார்ந்தார், உண்டார். 1749 பெப்ரவரியில் கைதானார். குற்றச்சாட்டில் அரச துரோகமும் இருந்தது. ஆகவே மதம் மாறியதற்காகக் கொல்லப்படவில்லை, அரசியல் காரணத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை தன் விசாரணைகளுக்குப் பின், விசுவாசத்தின் மீதான பகையால் நேர்ந்த மரணம் என்ற முடிவுக்கு வந்து, 2012 ஜூனில் ஆணை வெளியிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு சொல் குறுக்கே வருகிறது. அப்போஸ்தலர் பணி நூலின் தொடக்கத்தில், எருசலேம் முதல் பூமியின் கடைசி வரைக்கும் நீங்கள் எனக்கு என்ன ஆவீர்கள் என்று இயேசு சீடர்களிடம் சொல்லும் சொல், கிரேக்கத்தில் ‘மார்த்துஸ்’. அது நீதிமன்றச் சொல். சாட்சிக் கூண்டில் ஏறிக் கண்டதைச் சொல்கிறவன். பழந்தமிழில் அவனுக்குக் ‘கரி’ என்று பெயர். திருக்குறளில் இந்திரன் கரியாக நிற்கிறான், சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் பொய்க்கரி சொல்வோரைச் சதுக்கப்பூதம் அடித்துத் தின்கிறது. பிறகு வந்த ‘சாட்சி’ கண்ணோடு தொடர்புடைய வடசொல், கண்ணால் கண்டவன். சீடர்களுக்குக் கிடைத்த கட்டளை இந்தச் சாதாரணச் சொல்லில்தான் கிடைத்தது. சாகும்படி யாரும் சொல்லவில்லை, சொல்லும்படி சொன்னார். எருசலேம் ஆலோசனைச் சங்கம் பேதுருவையும் யோவானையும் கூப்பிட்டு இனிமேல் இந்தப் பெயரை எடுக்காதீர்கள் என்று எச்சரித்தபோது, பார்த்ததையும் கேட்டதையும் பேசாமல் இருப்பது எங்களால் ஆகாது என்ற கருத்தில் அவர்கள் பதில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

சொன்னவர்கள் செத்தார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ‘மார்த்துஸ்’ என்றாலே விசுவாசத்துக்காகச் செத்தவன் என்று பொருள் திரிந்துவிட்டது. முதலில் இறந்த ஸ்தேவானை, நம் முடியப்பரை, பவுல் ஓரிடத்தில் இந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார். அங்கே அது சாட்சியா, உயிர்ப்பலியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு பொருளும் ஒட்டிக்கிடக்கின்றன. தமிழ்க் கத்தோலிக்கர் அதை முன்பு வேதசாட்சி என்றார்கள், இப்போது மறைசாட்சி. சீர்திருத்த சபையார் இரத்தசாட்சி. மலையாளத்தில் ‘ரக்தசாட்சி’ கட்சிக் கொடிக்கம்பத்தின் கீழேயும் நிற்கிறது. முன்னொட்டு எதுவானாலும் ‘சாட்சி’ என்ற வேர்ச்சொல்லைத் தமிழ் விட்டுவிடவில்லை. ஆங்கிலத்தில் ‘மார்ட்டர்’ என்கிறவருக்கு அது நீதிமன்றச் சொல் என்பது மறந்தே போயிருக்கும். தமிழில் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருகிறது.

தேவசகாயத்தின் மூன்று ஆண்டுத் தண்டனையும் ஒரு விசித்திரமான சாட்சிக் கூண்டுதான். எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக நடத்தினார்கள், அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள் என்று மரபு சொல்கிறது. புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் முட்டியால் இடித்த பாறையில் நீர் கசிந்தது என்ற நம்பிக்கையில், அந்த இடத்துக்கு முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். ஊர்வலத் தண்டனையின் நோக்கம் பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்பது. பார்க்க வந்தவர்களோ அவரிடம் பேசினார்கள், ஜெபிக்கச் சொன்னார்கள், ஆறுதல் கேட்டார்கள். பெத்தானியா லாசருவின் கதையேதான். சும்மா இருந்தாலே கூட்டம் கூடுகிறது. காவலரோடு அவரை இடம் மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கொண்டுசேர்த்தார்கள்.

இந்த மூன்று ஆண்டுகளில் உதவி என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. எருமை நடந்தது, காவலர் நடந்தார்கள், அவர் நடந்தார். சகாயம் என்ற சொல்லின் பழைய பொருளை, கூட நடப்பவன் என்பதை, வைத்துப் பார்த்தால்தான் பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் தெரிகிறது. ‘கடவுள் உதவினார்’ என்ற எபிரேய வாக்கியத்தைக் காற்றாடி மலையில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. தேவசகாயம் என்று சொல்ல எழும்.

அவர் உடலின் எச்சங்களை எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். காற்றாடி மலை இப்போது தேவசகாயம் மவுண்ட் ஆகிவிட்டது. சுற்றுப்புறம் முழுக்க முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதால் பழைய பெயரும் தன்னை வேறு விதத்தில் நிறைவேற்றிக்கொண்டது.

மக்கள் மத்தியில் அவர் வாழ்ந்தது ‘தேவசகாயம் பிள்ளை’யாக. அம்மானை, வாசகப்பா எல்லாவற்றிலும் பிள்ளை உண்டு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் தேவசகாயம்பிள்ளை நாட்டுக்கூத்து என்றால் தனி மவுசு. இந்தப் பிள்ளை, தமிழ்நாட்டு வாசகர் உடனே நினைக்கும் வேளாளப் பிள்ளை அன்று. திருவிதாங்கூரில் நாயர் பிரிவினருக்கு அரசப் பணியோடு சேர்ந்து வந்த பட்டம். எதுவானாலும் சாதியைக் கடந்து உண்டதற்காகப் பகை தேடிக்கொண்டவரின் பெயரில் அது ஒட்டியிருப்பது சரியா என்ற கேள்வி எழுந்து, ரோமுக்கு மனுக்கள் போயின. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரில் பிள்ளை இல்லை. கூத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், நான் மனுக்கொடுத்தவர்கள் கட்சி. அவருக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்த அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நடுச்சுவர் எழுப்பியதும், 1910-இல் குருக்கள் அதை இடித்தபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனதும் தெரிந்தவர்கள், ஒரு பெயரின் வால் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

வத்திக்கான் ஆவணங்களில் அவர் பெயர் எழுதப்பட்ட வரிசை வேடிக்கையானது: ‘தேவசகாயம் எனப்படும் லாசரஸ்’. அவர்களுக்கு லாசரஸ் நிஜப் பெயர், தேவசகாயம் வழங்குபெயர். நமக்குத் தலைகீழ். லாசரஸ் என்ற பெயரை இங்கே அடிக்குறிப்பில்தான் தேட வேண்டும்.

இதே வேரிலிருந்து இன்னொருவரையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. சூளையிலிருந்து கருகாமல் வந்தவனின் பெயர். அவர் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் அமையக் காரணமானார். தமிழர் பணத்தில், தமிழர் ஆட்களைக் கொண்டு, தெலுங்கு நாட்டுக்கு நற்செய்திப் பணி. 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியரானார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவியா என்று வெள்ளையரிலும் முணுமுணுப்பு, சொந்தச் சபையிலும் முணுமுணுப்பு. பின்னர் மதமாற்றம் பற்றிக் காந்தியோடு கருத்து மோதல். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் தானே கைவைத்து, நற்செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பொருளில் உறுதி எடுக்கும்படி அவர் பழக்கினார். அதுவரை சொல்வது குருவுடைய வேலையாக இருந்தது. அசரியா அதைத் தலையில் கைவைத்த ஒவ்வொரு ஏழைக் கூலியாளுடைய வேலையாகவும் ஆக்கினார். அவருடைய பெயரை யாரும் தமிழாக்கவில்லை. ஓசைக் கட்சியில் பிறந்தவர்.

நம் தேவசகாயமோ குமரி மாவட்டத்து வாயில் இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது. ‘தேவசாயம்’ என்கிறார்கள். இன்னும் அவசரமானால் தேவனும் போய், வெறும் ‘சகாயம்’. கலிலேயாக்காரன் எல்ஆசாரின் தலையைக் கொய்ததுபோல் நாகர்கோவில்காரனும் கொய்துவிட்டான். சாயங்காலம் பந்து விளையாடும் பையனை மதில் மேலிருந்து இன்னொருவன் கூப்பிடுகிறான்: ‘ஏலே சகாயம்!’ எல் போன இடத்தில் ஏலே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை வைத்து நான் கட்டுரை எழுத மாட்டேன்.